சடக்கு, கிட்டங்கி, லயன்: சிங்கப்பூர்த் தமிழர் குடியிருப்புகளும் அன்றாட வாழ்வும் (1819–1989)

முன்னுரை

சிங்கப்பூரில் தமிழர் பகுதி எது என்று கேட்டால் இன்று பெரும்பாலோர் சிராங்கூன் சாலையைச் சுட்டுவர். அரசு ஆவணங்களிலும் சுற்றுலாக் கையேடுகளிலும் ரயில் நிலையப் பலகையிலும் அப்பகுதிக்கு ‘லிட்டில் இந்தியா’ என்று பெயர். தமிழர் வரலாறு முழுவதும் அவ்வொரு பகுதிக்குள் நடந்தது போன்ற தோற்றத்தை இப்பெயர் உண்டாக்கியுள்ளது. ஆனால் 1819 தொடங்கி 20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி வரை அந்நகரில் தமிழர் பல பகுதிகளில் பரவி வாழ்ந்தனர். அப்பகுதிகள் ஒவ்வொன்றும் ஒரு தொழிலைச் சார்ந்து உருவாயின. தண்ணீர், பால், கடன், பிள்ளைகளின் படிப்பு, வழிபாடு ஆகிய அன்றாடத் தேவைகள் அவற்றின் அமைப்பை வகுத்தன. தொழில் இடம்பெயர்ந்தபோது குடியிருப்பும் கலைந்தது. கோயில், பள்ளிவாசல், பள்ளி, சந்தை என நிறுவனமாக உருப்பெற்ற தேவைகளும், சில பெயர்களும் மட்டுமே எஞ்சின. இக்கட்டுரை அக்குடியிருப்புகளின் தோற்றத்தையும் கலைவையும் ஆராய்கிறது. அவற்றின் நினைவு ஒரே பகுதிக்குள் சுருங்கியதன் விளைவையும் எடுத்துரைக்கிறது.

1. ஆற்றங்கரையும் சவுத் பிரிட்ஜ் சாலையும்

1819 மே மாதத்தில் ராஃபிள்ஸின் இரண்டாவது வருகையின்போது பினாங்கிலிருந்து அவருடன் வந்தவர் நாராயண பிள்ளை. புதிய குடியேற்றத்தில் வீடு கட்டுவதற்குச் செங்கல் இல்லாத குறையைக் கண்டு அவர் செங்கற்சூளை அமைத்தார். பின்னர்த் துணி வணிகத்திலும் ஈடுபட்டார். இந்துக்களுக்கு ஒரு வழிபாட்டிடம் வேண்டும் என்ற அவருடைய முயற்சி, ஒரு நகரப் பகுதி எவ்வாறு உருவாகிறது என்பதைத் தெளிவாகக் காட்டுகிறது. முதலில் தெலுக் ஆயர் தெருவில் நிலம் ஒதுக்கப்பட்டது. கோயிற் சடங்குகளுக்கு வேண்டிய நன்னீர் அங்கே வாய்க்கவில்லை. அடுத்து, பிற்காலத்தில் ஸ்டாம்ஃபோர்டு கால்வாய் எனப்பட்ட நீரோடைக்கு அருகில் 1821இல் ஓரிடம் தரப்பட்டது. 1822ஆம் ஆண்டின் நகரத் திட்டம் அந்நிலத்தை வேறு பயனுக்கு உரியதாக்கியது. இறுதியில் 1823இல் சவுத் பிரிட்ஜ் சாலையில் நிலம் கிடைத்தது. அங்கே 1827இல் மரமும் கீற்றும் கொண்டு மாரியம்மன் கோயில் எழுந்தது. இன்றுள்ள கட்டடத்தின் பழைய பகுதிகள் 1843ஐச் சேர்ந்தவை. நான்கு ஆண்டுகளில் மூன்று இடங்களைக் கண்ட இந்நிகழ்வில், நாடு கடந்து வந்த சமூகத்தின் முதல் வேண்டுகோள் வழிபாட்டிடமாகவும், அதன் முதல் இடையூறு தண்ணீராகவும் அமைந்தன.

1822ஆம் ஆண்டின் நகரத் திட்டம் ஒவ்வோர் இனத்துக்கும் தனித்தனிப் பகுதியை வகுத்தது. ஆற்றின் மேற்பகுதியில் ‘சூலியா கம்பம்’ குறிக்கப்பட்டது. சூலியா என்பது சோழமண்டலக் கரையிலிருந்து வந்த தமிழ் முஸ்லிம்களைக் குறித்த சொல். ஆயினும் மக்கள் திட்டத்தின் கோடுகளுக்குள் அடங்கி வாழவில்லை. கப்பல்களிலிருந்து சரக்கை இறக்கி ஆற்றங்கரைக் கிடங்குகளுக்குக் கொண்டு சேர்க்கும் தொங்கான்களில் தொடக்கக் காலத்தில் சூலியர் மிகுதியாகப் பணியாற்றினர். ஆதலின் அவர்களுடைய வாழ்வு துறைமுகத்தையும் ஆற்றின் முகத்துவாரத்தையும் ஒட்டியே அமைந்தது. 1826இல் அன்சார் சாகிபின் தலைமையில் சவுத் பிரிட்ஜ் சாலையில் ஜாமிஆ சூலியா பள்ளிவாசல் தோன்றியது. தெலுக் ஆயர் தெருவில், அன்று கடலை நோக்கியிருந்த கரையில், 1828க்கும் 1830க்கும் இடையில் நாகூர் தர்கா கட்டப்பட்டது. அதே தெருவில் குடிசையாகத் தொடங்கிய அல்-அப்ரார் பள்ளிவாசலை மக்கள் ‘கூச்சுப் பள்ளி’ என்று வழங்கினர். மாரியம்மன் கோயிலை அடுத்து பகோடா தெருவும் டெம்பிள் தெருவும், சூலியா பள்ளிவாசலை அடுத்து மோஸ்க் தெருவும் அமைந்துள்ளன. இன்று ‘சைனாடவுன்’ என்று அழைக்கப்படும் பகுதியின் மூன்று தெருப்பெயர்கள் தமிழரின் வழிபாட்டிடங்களால் ஏற்பட்டவை என்பது குறிப்பிடத்தக்கது.

2. பால்கடைச் சடக்கும் கிட்டங்கியும்

மலாயாவிலும் சிங்கப்பூரிலும் வாழ்ந்த தமிழர் சாலையைச் ‘சடக்கு’ என்றனர். நகராட்சி சூட்டிய ஆங்கிலப் பெயர்கள் ஒருபுறமிருக்க, அவரவர் மொழியில் மக்கள் வழங்கிய பெயர்கள் மறுபுறம் நிலவின. கிராஸ் தெருவைத் தமிழர் ‘பால்கடைச் சடக்கு’ என்றனர். மாடு வளர்த்துப் பால் விற்ற தமிழர் அங்கு இருந்தமையே அதற்குக் காரணம். மலாய் மக்களும் அப்பகுதியைப் பால் கம்பம் எனப் பொருள்படும் ‘கம்போங் சூசூ’ என்றே குறித்தனர். இவ்விரு பெயர்களும் ஒரு செய்தியை உறுதி செய்கின்றன. தெருவை அடையாளப்படுத்தியது அங்கே வாழ்ந்தோரின் இனம் மட்டுமன்று. அங்கே காலைதோறும் கிடைத்த பொருளும் ஆகும்.

மார்க்கெட் தெருவோ தமிழருக்குச் ‘செட்டித் தெரு’. நாட்டுக்கோட்டை நகரத்தாரின் கிட்டங்கிகள் அங்கே வரிசையாக நின்றன. கிட்டங்கி என்பது நீண்ட கூடம். அதில் ஒவ்வொரு வட்டிக்கடைக்கும் உரிய இடம் பெட்டியடி எனப்படும். தரையில் அமர்ந்து எழுதுவதற்கான சாய்வு மேசையும், கணக்கேடுகளும் பத்திரங்களும் வைக்கும் பெட்டியும் அவ்விடத்தின் முழு உடைமை. ஊரிலிருந்த முதலாளியின் சார்பாக மேலாள் கடையை நடத்தினார். அவருக்கு உதவியாக அடுத்தாளும் பெட்டியடிப் பையன்களும் இருந்தனர். பெரும்பாலும் மூன்றாண்டுக் கணக்கு முடிந்ததும் மேலாள் ஊர் திரும்புவார். வேறொருவர் அவ்விடத்துக்கு வருவார். பகலில் கடையாக இருந்த கூடமே இரவில் படுக்கையறையாகும். சமையல் பொதுவில் நடக்கும். மனைவி மக்கள் செட்டிநாட்டிலேயே தங்கிவிட்டனர். எனவே செட்டித் தெரு பல தலைமுறைகள் நீடித்த போதிலும் அங்கே ஒரு தலைமுறையும் பிறந்து வளரவில்லை.

1859இல் நகரத்தார் டேங்க் ரோட்டில் தெண்டாயுதபாணி கோயிலை நிறுவினர். வணிக நடுவத்தில் கடையும், அதற்கு அப்பால் கோயிலுமாக அவர்களுடைய வாழ்வு இரு முனைகளுக்கிடையே இயங்கியது. சிறு வணிகர், தோட்ட முதலாளிகள், அரசு ஊழியர் எனப் பல இனத்தாரும் கடனுக்காகக் கிட்டங்கியின் படியேறினர். தமிழர் குடியிருப்பு ஒன்று தமிழருக்காக மட்டும் இயங்கவில்லை என்பதற்குச் செட்டித் தெருவும் பால்கடைச் சடக்கும் ஒருசேரச் சான்றாகின்றன. நகரம் முழுவதற்கும் வேண்டிய ஒன்றை அவை வழங்கின, அதனாலேயே நிலைத்தன.

பெயரைப் பற்றிய முறையீடு ஒன்றும் இப்பகுதியில் எழுந்தது. மார்க்கெட் தெருவை ஒட்டிய ‘கிளிங் தெரு’ என்னும் பெயரில் இருந்த சொல் இழிவுக் குறிப்பு உடையதாகிவிட்டது என இந்தியச் சமூகத்தார் எதிர்த்தனர். அதன் பயனாக 1920களின் தொடக்கத்தில் அத்தெரு சூலியா தெரு ஆயிற்று. பால், கடன் முதலியவற்றோடு தெருப்பெயரின் மதிப்பும் அன்றாடக் கவலைகளுள் ஒன்றாக இருந்ததை இம்மாற்றம் உணர்த்துகிறது.

3. சிராங்கூன் சாலை: நீரும் புல்லும் சுண்ணாம்பும்

சிராங்கூன் சாலைப் பகுதியைத் தமிழர் தம் இனத்தார் வாழ்வதற்கென்று முன்கூட்டியே தெரிந்தெடுக்கவில்லை. அங்கே செங்கற்சூளைகளும் சுண்ணாம்புச் சூளைகளும் இருந்தன. ரொச்சோர் ஆற்றை ஒட்டிய சதுப்பு நிலத்தில் எருமைகள் புரளச் சேறும், மேய்வதற்குப் புல்லும், குளிப்பாட்ட நீரும் இருந்தன. இவையே கால்நடை வணிகத்தையும் அதைச் சார்ந்த தொழிலாளரையும் அங்கு ஈர்த்தன. கல்கத்தாவிலிருந்து வந்த யூத வணிகரான பெலிலியோஸ் அவ்வணிகத்தில் முன்னணியில் இருந்தார். பெலிலியோஸ் சாலை, பஃபலோ சாலை, கெர்பாவ் சாலை, லெம்பு சாலை என்னும் பெயர்கள் அக்காலத்தின் எச்சங்கள். கெர்பாவ் என்பது மலாயில் எருமையையும், லெம்பு என்பது மாட்டையும் குறிக்கும். ‘கண்டாங் கெர்பாவ்’ என்றால் எருமைக் கொட்டில். அப்பெயரைத் தாங்கிய மகப்பேற்று மருத்துவமனை, அதன் முதலெழுத்துகளால் இன்றும் ‘கேகே’ என்றே வழங்கப்படுகிறது.

இப்பகுதியின் வீரமாகாளியம்மன் கோயிலை முன்னோர் ‘சுண்ணாம்புக் கம்பத்துக் கோயில்’ என்றனர். தொழிலாளர் தம் காவல் தெய்வத்தைத் தாம் வேலை செய்த இடத்தின் பெயரோடு இணைத்தே நினைத்தனர் என்பதற்கு இப்பெயர் சான்று. சூளைகள் மறைந்த பின்னரும் சுண்ணாம்பு அம்மனின் பெயரில் நெடுங்காலம் நின்றது.

1842 அளவில் ஃபேரர் பார்க்கில் அமைந்த குதிரைப் பந்தயத் திடல் இப்பகுதிக்கு வேறொரு முகத்தை அளித்தது. 1893இல் வெளிவந்த ந. வ. ரங்கசாமி தாசனின் ‘குதிரைப் பந்தய லாவணி’ பந்தயம் காணச் செல்வோரின் வழிநடையைப் பாடுபொருளாகக் கொண்டது. அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன், 1887இல், சி. கு. மகுதூம் சாயபுவை ஆசிரியராகக் கொண்டு ‘சிங்கை நேசன்’ வார இதழ் தொடங்கியிருந்தது. அவருடைய ‘விநோத சம்பாஷணை’ 1888இல் உரையாடல் வடிவில் வந்தது. தெருவும் பேச்சும் வேடிக்கையும் அச்சேறத் தகுந்தவை எனச் சிங்கப்பூர்த் தமிழர் கருதிய காலம் அது. நகர வாழ்வைப் பற்றிய பதிவுகளை நகராட்சி அறிக்கைகளில் மட்டும் தேடும் ஆய்வாளர் இவ்விலக்கியங்களையும் வரலாற்று மூலங்களாகக் கொள்ளுதல் வேண்டும்.

சதுப்பு நிலம் நிரப்பப்பட்டதாலும் நகராட்சியின் கட்டுப்பாடுகளாலும் 1930களில் கால்நடைத் தொழில் இப்பகுதியை விட்டு அகன்றது. பந்தயத் திடலும் 1933இல் புக்கிட் தீமாவுக்கு மாறியது. தொழில் அகன்ற பின்னரும் சிராங்கூன் சாலை கலையாமல் நின்றது ஏன் என்னும் வினா இங்கே எழுகிறது. அதற்குள் அங்கே கோயில்களும் கடைகளும் 1915இல் திறக்கப்பட்ட சந்தையும் வேரூன்றிவிட்டன. காய்கறி, வெற்றிலை, மலர், மளிகை ஆகியவற்றுக்காக நகரின் பிற பகுதிகளில் வாழ்ந்த தமிழரும் அங்கே வந்து சென்றனர். வாழும் இடமாக இருந்தது வந்துபோகும் இடமாகவும் மாறியதே அதன் நிலைபேற்றுக்குக் காரணம் எனலாம்.

4. தஞ்சோங் பகார்: அம்மியும் பள்ளியும்

1864இல் தஞ்சோங் பகார் கப்பல்துறை நிறுவனம் தோன்றியது முதல் தமிழ்த் தொழிலாளர் அப்பகுதியில் பெருகினர். பின்னர் அங்கே குடியேறியவருள் கடையநல்லூர், தென்காசி வட்டாரத்துத் தமிழ் முஸ்லிம்கள் தனித்துக் குறிப்பிடத்தக்கவர்கள். நெசவைத் தொழிலாகக் கொண்டிருந்த கடையநல்லூர் மக்கள், நெசவு நலிந்த நிலையில் கடல் கடந்தனர். பிற தமிழ் முஸ்லிம் குழுவினர் பெரும்பாலும் ஆண்களாக மட்டும் வந்து சென்ற காலத்தில் இவர்கள் குடும்பத்தோடு வந்து தங்கினர்.

இவ்வேறுபாட்டின் விளைவு பெரிது. செட்டித் தெருவில் பெண்கள் இல்லை; தஞ்சோங் பகாரில் பெண்களே குடியிருப்பின் பொருளியலில் பங்கேற்றனர். மிளகாய், மல்லி, மஞ்சள் முதலியவற்றை அம்மியில் அரைத்து விற்பது கடையநல்லூர்ப் பெண்களின் தொழிலாயிற்று. தமிழர் மசாலா என்றதும் மலாய் மக்கள் ரெம்பா என்றதும் ஒரே அம்மியிலிருந்து வந்தன. ஆண்கள் துறைமுகத்திலும் கடைகளிலும் ஈட்டியதோடு இவ்வருவாயும் சேர்ந்தது.

குழந்தைகள் இருக்கும் இடத்தில் பள்ளி தேவையாகிறது. சிங்கப்பூர்க் கடையநல்லூர் முஸ்லிம் லீக் 1946இல் உமறுப் புலவர் தமிழ்ப் பள்ளியைத் தொடங்கியது. சீறாப்புராணம் பாடிய புலவரின் பெயரைச் சூட்டியதிலேயே அச்சமூகம் தன் சமயத்தையும் மொழியையும் ஒருங்கே கருதியமை புலனாகும். 1960இல் அது உயர்நிலைப் பள்ளியாக வளர்ந்தது. தமிழ்வழியில் உயர்நிலைக் கல்வி அளித்த ஒரே பள்ளியாக விளங்கியது. ஆங்கிலவழிக் கல்வியின் ஏற்றத்தால் மாணவர் தொகை குறைந்து 1982இல் மூடப்பட்டது. அப்பெயரைத் தாங்கிய உமறுப் புலவர் தமிழ் மொழி நிலையம் இன்று சிராங்கூன் சாலையை அடுத்த பீட்டி சாலையில் இயங்குகிறது. தஞ்சோங் பகாரில் கடையநல்லூர்த் தெரு என்னும் பெயர் உள்ளது. அத்தெருவுக்குப் பெயர் கொடுத்த மக்கள் அங்கில்லை. பள்ளியின் பெயர் வேறு பகுதிக்குச் சென்றுவிட்டது. பெயரும் மக்களும் பள்ளியும் மூன்று திசைகளில் பிரிந்ததற்கு இதனினும் தெளிவான சான்று காண்டல் அரிது.

5. லயன்களும் காவல் தெய்வங்களும்

வேலை கொடுத்தவர் கட்டிய வரிசை வீடுகள் ‘லயன்’ எனப்பட்டன. வேலை உள்ளவரை வீடு. வேலை முடிந்தால் வீடும் இல்லை. இந்நிலையற்ற வாழ்விடங்களில் தொழிலாளர் சிறு கோயில்களை எழுப்பினர். கியோங் சைக் சாலையில் 1925இல் அமைந்த விநாயகர் கோயிலுக்கு லயன் சித்தி விநாயகர் கோயில் என்று பெயர். அதிலுள்ள ‘லயன்’, அருகிலிருந்த ‘சிப்பாய் லயன்’ என்னும் படைவீரர் குடியிருப்பைக் குறிப்பது. அலெக்சாண்ட்ரா செங்கல் ஆலையின் தொழிலாளரிடையே ருத்ர காளியம்மன் கோயிலும், குவீன்ஸ்வே அருகே ரயில்வேத் தொழிலாளரிடையே முனீஸ்வரன் கோயிலும் தோன்றின. செம்பவாங் கடற்படைத் தளத்தில் மரத்தடி வழிபாடாகத் தொடங்கியது புனிதமரம் பாலசுப்பிரமணியர் ஆலயம்.

இத்தொழிலிடங்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன அல்லது மாற்றப்பட்டன. 1968இல் அறிவிக்கப்பட்ட பிரிட்டிஷ் படை விலக்கம் 1971இல் நிறைவுற்றது. அதனோடு கடற்படைத் தளத்தின் தமிழர், மலையாளிகளது வாழ்வும் மாறியது. ருத்ர காளியம்மன் 1983இல் டெப்போ சாலைக்கும், பாலசுப்பிரமணியர் 1996இல் ஈசூனுக்கும், முனீஸ்வரன் 1998இல் காமன்வெல்த் டிரைவுக்கும் இடம்பெயர்ந்தனர். லயன்கள் எவையும் இடம்பெயரவில்லை, இடிக்கப்பட்டன. பழைய அயலார் தத்தம் புதிய அடுக்குமாடிகளிலிருந்து புறப்பட்டு மீண்டும் கூடும் ஒரே இடமாகக் கோயில் ஆயிற்று. பங்குனி உத்திரத்தன்று ஈசூனில் கூடுவோரிடையே ஒரு காலத்தில் ஒரே தளத்தில் வேலை பார்த்த குடும்பங்களும் உள்ளன.

பிரிந்து கிடந்த பகுதிகளை இணைத்தவை ஊர்வலங்கள். தீமிதித் திருவிழாவில் பக்தர் சிராங்கூன் சாலைச் சீனிவாசப் பெருமாள் கோயிலிலிருந்து சவுத் பிரிட்ஜ் சாலை மாரியம்மன் கோயிலுக்குச் சுமார் 4 கிலோமீட்டர் நடக்கின்றனர். தைப்பூசத்தில் காவடிகள் அதே பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோட்டுக்குச் செல்கின்றன. அதற்கு முந்தைய நாள் வெள்ளிரதம் டேங்க் ரோட்டிலிருந்து லயன் சித்தி விநாயகர் கோயிலுக்குச் சென்று மீள்கிறது. இவ்வழித்தடங்களை ஒருசேர வரைந்தால் மறைந்துபோன தமிழர் சிங்கப்பூரின் வரைபடம் கிடைக்கும்.

6. 1989: ஓர் ஆண்டு, இரு முடிவுகள்

1960 பிப்ரவரி 1 அன்று வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் அமைந்தது. 1966இல் நில எடுப்புச் சட்டம் நிறைவேறியது. நெரிசலும் சுகாதாரக் கேடும் மிகுந்த நடுநகரிலிருந்து மக்கள் புதிய நகர்களுக்கு மாறினர். குழாய்நீரும் கழிப்பறையும் மின்விளக்கும் உடைய வீடு, லயனிலும் குறுகிய கடைவீட்டு அறைகளிலும் வாழ்ந்தோருக்குப் பெரும் நன்மை என்பதில் ஐயமில்லை. இதே காலத்தில், 1970களில், மார்க்கெட் தெருக் கிட்டங்கிகளும் மறைந்தன.

1989 மார்ச் 1 முதல் இன ஒருங்கிணைப்புக் கொள்கை நடைமுறைக்கு வந்தது. இந்தியரும் ‘பிற இனத்தாரும்’ சேர்ந்து ஒரு வட்டாரத்தில் 10 விழுக்காட்டுக்கும், ஒரு கட்டடத்தில் 13 விழுக்காட்டுக்கும் மேற்படக் கூடாது என வரம்பு விதிக்கப்பட்டது. இனக் கலவரத்தின் நினைவு நீங்காத நாட்டில், இனவாரிக் குடியிருப்புகள் மீண்டும் உருவாவதைத் தடுப்பதே அதன் நோக்கம். அதே ஆண்டு ஜூலை 7 அன்று லிட்டில் இந்தியா பாதுகாக்கப்பட்ட வட்டாரமாக அறிவிக்கப்பட்டது. தமிழர் சேர்ந்து வாழ்வதற்கு வரம்பு ஏற்பட்ட ஆண்டிலேயே, தமிழர் சேர்ந்து வாழ்ந்ததன் அடையாளமாக ஒரு பகுதியின் கட்டடங்கள் பாதுகாப்புப் பெற்றன. இரண்டு முடிவுகளுக்கும் தனித்தனி நியாயங்கள் உண்டு. ஆனால் இரண்டும் சேர்ந்து விளைவித்த நினைவு மாற்றம் கருதத்தக்கது: மற்றப் பகுதிகளின் வரலாறு அனைத்தும் பாதுகாக்கப்பட்ட அவ்வொரு பகுதியின் பெயருக்குள் அடங்கிப்போயிற்று.

பெயரை மக்கள் எளிதில் விட்டுக்கொடுப்பதில்லை என்பதற்கும் இப்பகுதியிலேயே சான்று உண்டு. 1915இன் பழைய சந்தைக்கு மாற்றாக 1982இல் எழுந்த கட்டடத்துக்கு ‘ஜூஜியாவ்’ என மாண்டரின் ஒலிப்பில் பெயரிட்டனர். மூங்கிலடி எனப் பொருள்படும் ஹொக்கியன் சொல்லிலிருந்து பிறந்து தமிழர் நாவில் ‘தேக்கா’ என நிலைத்த பெயரையே அனைத்து இனத்தாரும் தொடர்ந்து வழங்கினர். 2000இல் அது முறையாகத் தேக்கா நிலையம் ஆயிற்று.

முடிவுரை

பால்கடைச் சடக்கு, செட்டித் தெரு, சுண்ணாம்புக் கம்பம், லயன் ஆகிய பெயர்கள் சுட்டுவது ஒரே வரலாற்றை. தமிழர் சிங்கப்பூரின் ஒரு மூலையில் வாழ்ந்த சிறுபான்மையினராக மட்டும் இருந்திலர். நகரம் இயங்குவதற்கு வேண்டிய செங்கல், சுண்ணாம்பு, பால், கடன், சரக்குப் போக்குவரத்து, ரயில், கப்பல்துறை ஆகிய ஒவ்வொன்றும் நடந்த இடத்தில் அவர்கள் குடியிருந்தனர். லிட்டில் இந்தியா என்னும் ஒரே பெயரால் இவ்வரலாற்றை நினைவுகூர்வது, நகரை உருவாக்கியவர்களை அதன் ஒரு தெருவுக்கு உரியவர்களாகச் சுருக்கிவிடுகிறது.

இச்சுருக்கம் நிகழ்காலத்தையும் பாதிக்கிறது. தமிழகத்திலிருந்து வரும் ஒப்பந்தத் தொழிலாளர் இன்று தங்கும் விடுதிகள் பெரும்பாலும் நகரின் ஓரங்களில் உள்ளன. வேலை உள்ளவரை இடம் என்னும் லயனின் விதியே அங்கும் செல்லும். ஞாயிறுதோறும் அவர்கள் தேக்காவில் கூடிப் பணம் அனுப்புகின்றனர், காய்கறி வாங்குகின்றனர், ஊர்க்காரரைச் சந்திக்கின்றனர். 2013 டிசம்பர் 8 அன்று அங்கே நிகழ்ந்த கலவரத்துக்குப் பின், 2015ஆம் ஆண்டின் சட்டத்தால் அப்பகுதி மதுக் கட்டுப்பாட்டு வட்டாரமாயிற்று. அத்தொழிலாளரை மரபுடைமைப் பகுதிக்கு வரும் அயலாராகக் காண்பது வரலாற்றுக்குப் பொருந்தாது. அப்பகுதியை உருவாக்கிய சூளைத் தொழிலாளரின், மாட்டுக் கொட்டில் ஆள்களின் நிலைக்கு மிக நெருங்கியவர் அவர்களே.

சடக்குப் பெயர்களை நினைவில் வைத்திருக்கும் தலைமுறை மறைந்து வருகிறது. கோயில் வரவு செலவுக் கணக்குகள், பள்ளிச் சேர்க்கைப் பதிவேடுகள், கிட்டங்கிக் கணக்கேடுகள், முதியோரின் வாய்மொழி ஆகியவற்றைத் திரட்டி, தெருவாரியாகத் தமிழர் வாழ்வைப் பதிவு செய்யும் பணி உடனடியாகத் தொடங்கப்படுதல் வேண்டும். கட்டடங்கள் காக்கப்பட்டுவிட்டன, காலையில் பால் வந்த தெரு எது என்பதும் காக்கப்படுதல் தகும்.